கிராங்க் ஷாப்ட் நேர்ப்பாடும் பேரிங் இடைவெளியும்

இன்ஜினைப் பூட்டும்போது கிராங்க் ஷாப்ட் வளைவின்றிச் சுழல்கிறதா, பேரிங்கில் எண்ணெய்ப் படலம் நிற்க இடமிருக்கிறதா என்று அளந்தறியும் பணி. டிராக்டர் பழுதுபார்ப்பில் இந்த அளவு தவிர்க்க முடியாதது.

ஷாப்டின் இரு முனைகளையும் வி-கட்டைகளில் தாங்கி, நடு ஜர்னலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் வளைவு முள்ளில் தெரியும். இடைவெளிக்கு, எண்ணெய் துடைத்த ஜர்னல்மீது பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து, மூடியை டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்கிக் கழற்ற வேண்டும். இழை நசுங்கிய அகலமே இடைவெளியைச் சொல்லும். நடுவே ஷாப்டைத் திருப்பினால் அளவு பொய்த்துவிடும். விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு: 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. ஆயினும் தயாரிப்பாளர் கையேட்டின் எண்ணே முடிவானது. இடைவெளி கூடினால் எண்ணெய் அழுத்தம் விழும். குறைந்தால் பேரிங் கருகும்.