மறைத்து வைத்த நான்கு கேள்விகள்



"கம்ப்யூட்டருக்கு ஒரு சொல்லோட அர்த்தம் எப்படி டீச்சர் தெரியும்?" என்று பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள். 1986-இல் வெளியான ஒரு சோதனையில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றியவர் ஜெஃப்ரி ஹிண்டன். அவர் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தையும் ஓர் இத்தாலியக் குடும்பத்தையும் கற்பனையாக உருவாக்கினார். குடும்பத்துக்கு 12 பேர், மூன்று தலைமுறை. "இன்னாருடைய அம்மா யார்?" என்பது போல மொத்தம் 104 கேள்விகள்.

இவற்றைச் செயற்கை நரம்பு வலை ஒன்றுக்குக் கற்பித்தார். சின்னச் சின்ன அலகுகளை எண்களால் இணைத்த கணினி அமைப்பு அது. முதலில் எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லும். ஒவ்வொரு தப்புக்கும் அந்த எண்கள் சிறிது சிறிதாகத் திருத்தப்படும். 100 கேள்விகளைத் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்தார். நான்கை மட்டும் காட்டாமல் வைத்துக்கொண்டார்.

கடைசியில் அவற்றைக் கேட்டார். நான்குக்கும் சரியான விடை!

எப்படி? வலைக்குள் ஒவ்வொரு ஆளையும் குறிக்க 6 அலகுகளே இருந்தன. அவற்றைப் பார்த்தபோது ஓர் அலகு 'எந்தக் குடும்பம்' என்பதைக் குறித்தது. இன்னொன்று 'எந்தத் தலைமுறை', மற்றொன்று 'எந்தக் கிளை'. தலைமுறை என்ற ஒன்று உண்டென்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. உறவுகளைச் சரியாகச் சொல்லப் பழகியபோது அந்தக் கருத்தும் உள்ளே உருவாகிவிட்டது.

நம் வீட்டு உறவுகளைக் கொடுத்திருந்தால் வேலை இன்னும் கடினம். ஆங்கிலத்துக்கு 'அங்கிள்' ஒன்று போதும். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரிக்க, அப்பா வழியா அம்மா வழியா, மூத்தவரா இளையவரா என்பதையும் அது கண்டுபிடிக்க வேண்டும்.

ஹிண்டனுக்கு 2024-இல் ஜான் ஹாப்ஃபீல்டுடன் சேர்த்து இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

என் மனதில் தங்கியதோ அந்த நான்கு கேள்விகள். நான் பல ஆண்டுகள் பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளையே பரீட்சையிலும் கேட்டேன். நூற்றுக்கு நூறு வாங்கியவர்களைத் தட்டிக்கொடுத்தேன். அவர்களில் புரிந்து எழுதியவர் யார், மனப்பாடம் செய்தவர் யார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களே, அடுத்த வினாத்தாளில் நான்கு கேள்விகளாவது புத்தகத்தில் இல்லாததாக வையுங்கள். பிள்ளை தப்பாக எழுதினால் சிவப்பு மையில் சுழிப்பதோடு நிறுத்தாமல், எங்கே திருத்த வேண்டும் என்றும் சொல்லுங்கள்.