செங்கோட்டை – புனலூர் ரயில் பாதை

மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து திருநெல்வேலிச் சீமையைக் கொல்லத்தோடு இணைக்கும் மலைப்பாதை. மீட்டர் கேஜ் பாதையாக 1904-இல் திறக்கப்பட்டது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது.

பகவதிபுரத்தை விட்டதும் ரயில் நீண்ட மலைக் குகைக்குள் நுழைந்து ஆரியங்காவில் வெளிவருகிறது. அங்கிருந்து தென்மலை வரை, கல்லடை ஆற்றில் சேரும் கழுதுருட்டி ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டிப் பாலமும் குகையுமாக இறக்கம். இவற்றில் பெயர் பெற்றது கழுதுருட்டி அருகேயுள்ள பதின்மூன்று கண் பாலம். கருங்கல் தூண்கள்மேல் வளைவுகள்; கீழே ஒருபுறம் தேசிய நெடுஞ்சாலை, மறுபுறம் ஆறு. பேருந்துப் பயணிகள் கழுத்தை வளைத்துப் பார்க்கும் இடம் இது. எதிர்த்திசையில் ஏற்றம் கடுமையானதால் ரயிலுக்குப் பின்னாலும் ஓர் இன்ஜினைப் பூட்டித் தள்ளுவது வழக்கம்.

அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் போக்குவரத்து நின்றது. பழைய பாலத்தை இடிக்காமல் தூண்களுக்குக் கான்கிரீட் உறையிட்டு வலுவூட்டினர். வலிமை கூடியது; கல்லின் பழைய அழகு மறைந்தது. 2018-இல் மீண்டும் ரயில் ஓடியது.

இதே மலைத்தொடரின் வடக்கே, மதுரையிலிருந்து வரும் பாதை போடிநாயக்கனூரோடு முடிகிறது. மலையைக் கடக்கவில்லை.