வினையூக்கி மாற்றிப் பிழைக்குறியீடு

புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போதிய அளவு வேலை செய்யவில்லை என்று வண்டியின் கணினி பதிந்துவைக்கும் குறிப்பு. டாஷ்போர்டில் 'செக் இன்ஜின்' விளக்கு எரியும். ஸ்கேனரைச் செருகினால் பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளில் பி0420 என்று வரும். யூரியாக் கரைசல் ஊற்றி ஓட்டும் டீசல் லாரிகளில் பி20ஈஈ. கனரக வண்டிகளுக்கான ஸ்கேனர் இதே குறையை எஸ்பிஎன் 4364 என்று காட்டும். மூன்றுக்கும் பொருள் 'திறன் குறைந்துவிட்டது' என்பதுதான். அதைக் 'கன்வெர்ட்டர் போச்சு' என்று படித்து, விலை உயர்ந்த பாகத்தை முதலில் கழற்றிப் போடுவதே பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு.

இந்தியாவில் 1995இல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதன் பரப்பை நஞ்சாக்கும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடெங்கும் நின்றது. லாரிகளின் முறை வர 2017 ஏப்ரல் ஆயிற்று. அப்போதுதான் பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி நாடு முழுவதற்கும் வந்தது. அதை நிறைவேற்ற, லாரி நிறுவனமான அசோக் லேலண்ட் புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பியனுப்பும் முறையை முன்னிறுத்தியது. பாரத்பென்ஸ் யூரியாக் கரைசலை நம்பியது. 2020 ஏப்ரலில் ஸ்டேஜ் 6 வந்தது. ஆகவே இங்கே 'பழைய லாரி' என்பது பெரும்பாலும் 2017க்கும் 2020க்கும் இடையில் பதிவான வண்டி. அதற்கும் முந்தியவற்றில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. புகை உண்டு, விளக்கு இல்லை.

யூரியா முறைக்குச் சூடு வேண்டும். புகை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியசைத் தொட்டால்தான் கரைசல் அம்மோனியாவாகப் பிரிந்து, நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும். சித்தூர், திருப்பதிப் பக்கத்து ஓட்டம் இந்தச் சூட்டோடு கண்ணாமூச்சி ஆடுகிறது. மதனப்பள்ளித் தக்காளியை ஏற்றி நெடுஞ்சாலையில் இரவெல்லாம் ஓடும் லாரிக்குக் குறையில்லை. கிளிமூக்கு மாங்காய்ப் பருவத்தில் கூழ் ஆலை வாசலில் நகர்ந்து நகர்ந்து நிற்கும் லாரியில் புகை சூடேறுவதே இல்லை. திருமலைக்குச் சரக்கு ஏற்றிப்போகும் வண்டிக்கு 1974இல் திறந்த சாலையின் ஏற்றம் நல்லது. 1944இல் திறந்த பழைய சாலையில் இறங்கும்போது இன்ஜினுக்குச் சுமையே இல்லை, புகை குளிர்ந்துவிடும். இப்படிக் குளிர்ந்த குழாயில் தெளிக்கப்படும் யூரியா ஆவியாகாமல், தெளிப்பான் வாயில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகப் படியும். வழி அடைபட்டதும் குறியீடு எழும். கன்வெர்ட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

சோதனைக்கு வரிசை உண்டு. குறியீட்டை அழிக்கும் முன், அது பதிந்த நேரத்து வேகம், சுமை, வெப்பம் ஆகியவற்றை ஸ்கேனரிலிருந்து எழுதிக்கொள்ள வேண்டும். அழித்தால் அவையும் போய்விடும். அடுத்தது கசிவு. காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, ஆள் ஒருவர் தடித்த துணியால் புகைக்குழாயின் வாயை ஒரு கணம் பொத்தினால், கசியும் இணைப்பு 'உஸ்' என்று காட்டிக்கொடுக்கும். இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தாலும் அதே பொருள். அங்கே உள்ளே புகும் வெளிக்காற்று சென்சாரை ஏமாற்றும்.

பிறகு சென்சார். பெட்ரோல் வண்டியில் கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் இடையே துள்ளிக்கொண்டிருக்கும், பின்னுள்ளது 0.6, 0.7 அருகே அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலத் துள்ளினால்தான் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். டீசல் லாரியில் கணக்கு வேறு. உள்ளே போகும் நைட்ரஜன் ஆக்சைடு பத்து லட்சத்தில் 800 பங்கு, வெளியே வருவது 200 என்றால் திறன் 75 விழுக்காடு. வெளியே 720 வந்தால் 10தான். ஆனால் இந்த இரு எண்களையும் நம்பலாமா என்பதைச் சரிபார்க்க வேண்டும். ஸ்கேனர் வழியாகத் தெளிப்பை நிறுத்திவிட்டு, இன்ஜின் சூடாக இருக்கையில் பார்த்தால் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரு சென்சார்களும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கெட்டது சென்சார்.

கரைசலில் யூரியா 32.5 விழுக்காடு இருக்க வேண்டும். ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்க்கும் கைக்கருவி இதை அளந்துவிடும், தூய்மையை அளக்காது. மலிவு என்று வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவோர் ஒன்றை மறக்கிறார்கள்: 2015 முதல் இங்கே விற்கும் உர யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. எண் சரியாக வரும், தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்.

இவை எல்லாம் சரியாக இருந்த பின்னரே கன்வெர்ட்டரைக் குற்றம் சொல்லலாம். அப்போதும் கேள்வி முடியாது. ஆயில் குடிக்கும் இன்ஜின் பாஸ்பரசைக் கொண்டுபோய்ப் பூசியிருக்கும், அல்லது டீசல் ஒழுகும் இன்ஜெக்டர் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பை உருக்கியிருக்கும். காரணத்தை விட்டுவிட்டு மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

விளக்கை அணைக்க, சென்சாரின் பெயரில் கணினிக்குப் பொய் எண் கொடுக்கும் சிறு பெட்டியை மாட்டுவதும் நடக்கிறது. மாசு வரம்பை மீறி ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பிடிபடுவது வேறு கதை. மாசுச் சான்று நிலையத்தில் டீசல் வண்டிக்கு அளப்பது புகையின் அடர்த்தியை மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடைக் கருவி பார்ப்பதே இல்லை. பி20ஈஈ பதிந்து விளக்கு எரியும் லாரியும் சான்றிதழோடு வெளியே வந்துவிடும்.