சரளி வரிசையும் அப்பாயியின் ரிஷபமும்

ரயில் பாதைக்கு மேற்கே, தி. நகர் பங்களாக்களுக்கு எதிர்ப்பக்கம், ஒண்டுக் குடித்தனங்களின் மேற்கு மாம்பலம். ஆரியகவுடா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பாட்டு கற்றுக்கொள்ளப் போனேன். மாதம் 15 ரூபாய். விஜயதசமியன்று வெற்றிலை பாக்கு, பழத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மாமி சுருதிப் பெட்டியை அழுத்த, ஏழெட்டுப் பெண் குழந்தைகள் தொடையில் தாளம் தட்டி மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடுவோம், மூன்று காலம். பிறகு ஜண்டை, அலங்காரம், கீதம்.

இந்த வரிசையைப் பதினாறாம் நூற்றாண்டுப் புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்கிறது. இருக்கட்டும். ஆனால் மாதச் சம்பளத்துக்கு, மணி பார்த்து, நோட்டுப் பார்த்துப் பாடும் நடுத்தர வர்க்கத்துப் பெண் குழந்தை என்கிற உருவம் அவர் வகுத்தது அல்ல. அது இருபதாம் நூற்றாண்டுச் சென்னையின் கட்டமைப்பு.

1904இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கில் வெளிவந்தது. ஸ்வரத்தை மட்டும் எழுதிப் பயனில்லை என்று அந்தக் கிழவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி கண்டுபிடித்து அச்சில் ஏற்றினார். எங்கள் நாற்பது பக்க நோட்டில் அந்தக் குறி ஒன்றுகூடக் கிடையாது. வெறும் ச ரி க ம, அடியில் கோடு.

1928இல் மியூசிக் அகாடமி, 1931இல் அதன் ஆசிரியர் கல்லூரி. வாத்தியார்களுக்கே பாடத்திட்டம் வந்துவிட்டது. அதே ஆண்டுகளில்தான் பொட்டுக்கட்டு ஒழிப்பு விவாதமும் நடந்து, 1947இல் சட்டமானது. அந்தச் சட்டம் வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. வந்தது நல்லதுதான். ஆனால் பெண்கள் பெண்களுக்குக் காது வழியாகவே பாட்டைக் கொடுத்த வீடுகளும் கூடவே பேச்சில்லாமல் போயின. ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்வான்கள் போய் உட்கார்ந்தார்கள். அந்தச் சொத்து 'குடும்பப் பெண்' கூடத்துக்கு இடம்பெயர்ந்தபோது சிருங்காரப் பதங்கள் வாசலிலேயே நின்றுவிட்டன. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பாட ஒரு கீர்த்தனை போதுமே! 1943இல் தமிழ் இசைச் சங்கம் அமைத்தவர்கள் எந்த மொழியில் பாடுவது என்று கேட்டார்கள். யார் தொண்டையிலிருந்து எடுத்தது என்பது அந்தச் சொல்லாடலுக்குள் பெரிதாக வரவில்லை.

எனக்கு இது புத்தகத்தில் கிடைத்த விஷயம் இல்லை. எங்க அப்பாயி தஞ்சாவூர்ப் பக்கத்து இசை வேளாளர் வீட்டுப் பெண். அப்பா குமாஸ்தா. அக்கம்பக்கத்தில் யாராவது வகையறா கேட்டால் "தஞ்சாவூர்ப் பக்கம்" என்பதோடு முடித்துக்கொள்வார். வீட்டில் அப்பாயி பாடி நான் கேட்டதே இல்லை. ஒருநாள் சாயங்காலம் நான் சாதகம் பண்ணிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏன்டி அந்த ரி-யை ஆணியடிச்ச மாதிரி நிறுத்துற? கொஞ்சம் ஆட விடு. ச-வைத் தொட்டுட்டு வரணும்."

பாடியும் காட்டினாள். ஒரே ஒரு தடவை.

மறுநாள் வகுப்பில் அப்படியே பாடினேன். மாமி சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டாள். "யார்டி சொல்லிக் கொடுத்தா?" அப்பாயி என்றேன். "பாட்டி பாடுவாளா? எந்த ஊரு?" சொன்னேன். மாமி ஒன்றும் பேசவில்லை, பாடத்தைத் தொடர்ந்தாள். சரளியில் ஆட்டக்கூடாது என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மாமியே எங்கள் வீட்டுக்கு வந்தாள். மோர் குடித்தாள், மழை பற்றிப் பேசினாள். கிளம்பும்போதுதான் கேட்டாள்: "உங்களுக்குப் பதமெல்லாம் பாடமிருக்குமே. ஒண்ணு சொல்லித் தரேளா? தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப ஆசை." மாமியின் ஆசை பொய்யில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "நமக்கென்னம்மா தெரியும்? சமைக்கத்தான் தெரியும்."

மாமி போனபிறகு என்னைக் கூப்பிட்டு, இனிமே நான் சொன்னதை அங்க பாடாதே என்றாள். 1989இல் இறந்துபோனாள். எத்தனை பதம் பாடமிருந்தது என்று அப்பாவுக்கும் தெரியாது.