மீன் தொட்டியின் முதல் வாரங்கள்

புதிய தொட்டியில் நீரை நிரப்பியவுடன் மீன்களை நெருக்கமாக விட்டால் அவை சில நாட்களிலேயே மடிவது ஏன் என்பதற்கான அடிப்படை விளக்கம் 1870களிலேயே வேதியியலாளருக்குக் கிட்டியிருந்தபோதிலும், அது மீன் வளர்ப்போரிடையே பரவ ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. கண்ணாடித் தொட்டியில் மீனை நிலையாக வாழவைக்கும் முறையை வகுத்தவரும், அந்த முறை உண்மையில் எதனால் பலித்தது என்பதை விளக்கும் ஆய்வில் ஈடுபட்டவரும் தந்தையும் மகனுமாக இருந்தும் இத்தாமதம் நேர்ந்தது என்பது வியப்புக்குரியது.

தந்தை ராபர்ட் வாரிங்டன், லண்டன் மருந்தாளர் சங்கத்தின் ஆய்வகத்தில் பணிபுரிந்த வேதியியலாளர். 1849ஆம் ஆண்டில் அவர், பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தைப் பாதியளவு ஊற்றுநீரால் நிரப்பி, அடியில் மணலும் சேறும் கற்களும் இட்டு, வாலிஸ்நேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். செடியின் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியபோது, அவற்றைத் தின்னும் குளத்து நத்தைகள் ஐந்தாறைச் சேர்த்தார், நீர் தெளிந்தது. மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்று உயிர்வளியைத் திருப்பித் தருகிறது, அழுகலை நத்தை அகற்றுகிறது, ஆகவே தொட்டி தன்னைத் தானே சமன்செய்துகொள்கிறது என்று 1850இல் அவர் வெளியிட்ட விளக்கம், அன்றைய அறிவின் எல்லைக்குள் முற்றிலும் நேர்மையானது. ஆனால் அவர் இட்ட மணலும் சேறும் நுண்ணுயிர்களின் உறைவிடமாயின என்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திருக்க இயலாது.

1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் கூடம் திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டு இயற்கை ஆய்வாளர் பிலிப் ஹென்றி காஸ் மீன் தொட்டி பற்றி எழுதிய நூல் வெளிவந்ததும், தொட்டி வளர்ப்பு இல்லங்களில் பெரும் மோகமாகப் பரவியது. அதனுடன் சமநிலைக் கொள்கையும் ஐயத்துக்கு இடமற்ற விதியாக வேரூன்றியது.

இதற்கிடையே, மீன் தொட்டியோடு தொடர்பில்லாத ஒரு சோதனையில், 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிறைந்த குழாயின் வழியே கழிவுநீரை மெதுவாக வடியவிட்டனர். ஏறத்தாழ இருபது நாட்கள் எந்த மாற்றமும் இல்லை. பின்னர் அம்மோனியா மறைந்து நைட்ரேட் தோன்றியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுபோனது. இதைச் செய்வது உயிர்களே என்பதை அது உறுதிப்படுத்தியது. ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய, தந்தையின் பெயரையே தாங்கிய மகன் வாரிங்டன், அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் இரண்டு கட்டங்களில், வெவ்வேறு உயிர்களால் மாற்றப்படுகிறது என்று காட்டினார். அவரால் பிரித்தெடுக்க முடியாமற்போன அந்த நுண்ணுயிர்களை 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி தனியே வளர்த்தார்.

அந்த இருபது நாள் காத்திருப்புதான் புதிய தொட்டியின் முழுக் கதையும். மீனின் செவுள் வழியாகவும் எஞ்சிய உணவு அழுகுவதாலும் சேரும் அம்மோனியா, காரத்தன்மையும் வெப்பமும் மிகுந்த நீரில் கூடுதல் நஞ்சாகிறது. அதை உண்ணும் பாக்டீரியா பெருகியதும் நைட்ரைட் ஏறி, குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குலைக்கிறது. இரண்டாம் வகை பாக்டீரியா பெருகிய பின்னரே நச்சுத்தன்மை குறைந்த நைட்ரேட்டாக அது மாறி, பகுதி நீர் மாற்றத்தால் அகற்றத்தக்கதாகிறது. இவ்வுயிர்கள் மெதுவாகவே பெருகுவதால் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. வயல் மண்ணுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு மீன் தொட்டிக்கும் உரியது என்று எவரேனும் முன்பே உரக்கச் சொல்லியிருந்தால், எத்தனையோ தொட்டிகள் காப்பாற்றப்பட்டிருக்கும்.

1949இல் மீனியலாளர் ஜேம்ஸ் ஆட்ஸ் சமநிலைத் தொட்டி என்பது கட்டுக்கதை என்று எழுதினார். 1970களில் வடிகட்டியை உயிர்களின் இருப்பிடமாகக் கருதும் முறை நூல்களில் நிலைபெற்றது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்னும் பாக்டீரியா என்றே நெடுங்காலம் நம்பப்பட்டாலும், 1998இல் ஹோவனெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளில் அப்பணியைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் வேறு பாக்டீரியா என்று காட்டினர். 2015இல், மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலிருந்து எடுத்த நைட்ரோஸ்பைரா உயிர்கள், இரண்டு கட்டங்களையும் தாமே முடிக்க வல்லவை என்று கண்டறியப்பட்டது.