ரூட் பார்ட்டிஷனுக்கான கோப்பு முறைமை

லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவும்போது, அந்த இயங்குதளம் குடியிருக்கப்போகும் முதன்மைப் பார்ட்டிஷனை எந்தக் கோப்பு முறைமையில் அமைப்பது என்ற கேள்வி வரும். இந்தப் பார்ட்டிஷனை ரூட் என்பார்கள். ஒற்றைச் சாய்கோடு அதன் குறி. டிஸ்கின் எந்தக் கட்டத்தில் எந்தக் கோப்பின் எந்தத் துண்டு கிடக்கிறது என்ற கணக்குதான் கோப்பு முறைமை. கணக்கு குழம்பினால், கோப்பு டிஸ்கில் கிடந்தும் கைக்கு வராது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி பள்ளிப் பிள்ளைகள் வரை வந்ததற்கு, 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஒரு காரணம். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது.

கொடைக்கானல் வட்டத்துப் பேரூராட்சியான பண்ணைக்காடு போன்ற மலை ஊர்களில் முதலில் பார்க்கவேண்டியது வேகம் அல்ல, மின்சாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் சொல்லிக்கொண்டு போகாது. புது லேப்டாப்புக்குக் கவலையில்லை. பேட்டரி செத்து, சார்ஜர் வயரை நம்பியே ஓடும் பழைய லேப்டாப் பட்டென்று அணைந்துவிடும்.

ரெமி கார்டு முதன்மையாக உருவாக்க, 1993-இல் வந்த எக்ஸ்ட்2 என்ற கோப்பு முறைமையில், இப்படி அணைந்த பிறகு பார்ட்டிஷன் முழுவதையும் சோதித்தாக வேண்டும். 2001-இல் லினக்ஸ் கருவில் சேர்ந்த எக்ஸ்ட்3 ஜர்னலைக் கொண்டுவந்தது. மளிகைக் கடைக்காரர் சிட்டையில் குறித்துவிட்டுப் பேரேட்டில் ஏற்றுவதைப் போன்றதுதான் ஜர்னல்: மாற்றத்தை முதலில் அதில் எழுதி, பிறகு உரிய இடத்தில் பதிப்பது. நடுவில் கரண்ட் போனால் சிட்டையைப் பார்த்துக் கணக்கை நேராக்கிக்கொள்ளலாம். 2008 டிசம்பரில் நிலைபெற்ற எக்ஸ்ட்4 இதன் வாரிசு. எக்ஸ்ட்3 கோப்புகளை எக்ஸ்ட்4 அமைப்புக்கு மாற்றும் நிரல்பகுதியை எழுதியவர் ஐபிஎம்மின் அனீஷ் குமார்.

ஜர்னல் இருக்கிறதே என்று முழுக்க நம்பிவிடவும் கூடாது. எக்ஸ்ட்4-இன் வழக்கமான அமைப்பில் சிட்டையில் ஏறுவது கோப்பைப் பற்றிய விவரம், உள்ளடக்கம் அல்ல. எழுதியது டிஸ்குக்குப் போக அரை நிமிடம்கூட ஆகலாம். 2009-இல் கணினி திடீரென நின்றபின் சிலருடைய கோப்புகள் வெறும் பூஜ்ய அளவில் கிடந்தன. பழைய கோப்பின் மேல் புதியதை எழுதும்போது இப்படி ஆகாதிருக்க அப்போதே திருத்தம் வந்தது.

பட்டர்எஃப்எஸ் வேறு வழியில் போகிறது. பழைய தரவின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுச் சுட்டியை மாற்றும். தரவுக்குச் சரிபார்ப்புத் தொகை வைத்திருப்பதால் டிஸ்க் கெட்டுவருவது தெரியும். ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், புதுப்பிப்பு சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். 2020-இல் ஃபெடோரா 33-இன் டெஸ்க்டாப் பதிப்புகள் இதற்கு மாறின. இடம் நிறையும்போது இதைப் பராமரிக்கக் கொஞ்சம் விவரம் வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் பெரிய சர்வருக்கு உகந்தது. ஆனால் அதில் பார்ட்டிஷனைப் பின்னர் சுருக்க முடியாது. ஒருகாலத்தில் சூசே லினக்ஸ் ரெய்சர்எஃப்எஸ்ஸை முன்னிருப்பாகத் தந்தது. 2006-இல் எக்ஸ்ட்3-க்கு மாறியது. 2025-இல் ரெய்சர்எஃப்எஸ் லினக்ஸ் கருவிலிருந்தே நீக்கப்பட்டது. ஆக, பராமரிக்க ஆளில்லாத முறைமை எவ்வளவு வேகமானாலும் ரூட்டுக்கு ஆகாது. பழைய லேப்டாப்புக்கு, தனிக் காரணம் இல்லாதவரை, எக்ஸ்ட்4 போதும். விண்டோஸும் உடனிருந்தால் இரண்டுக்கும் பொதுவான கோப்புகளைத் தனி என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைப்பது வசதி.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இந்தப் பொதுப் பார்ட்டிஷனில் முட்டிக்கொள்வார்கள். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பட்டர்எஃப்எஸ் மூன்றிலும் ஒரு பெயருக்கு 255 பைட் வரம்பு. யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். புள்ளியும் கொம்பும் தனிக் குறியீடுகள். ஆறே எழுத்துள்ள ‘பண்ணைக்காடு’ 11 குறியீடு, 33 பைட். இந்தக் கணக்கில் 46 எழுத்தோடு பெயர் முடிந்துவிடும். என்டிஎஃப்எஸ் 255-ஐ வேறு அலகில் எண்ணுவதால் அங்கே 139 எழுத்து கொள்ளும். சுற்றறிக்கையின் தலைப்பு முழுவதையும் பெயராக வைத்த கோப்பு விண்டோஸில் திறக்கும். லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு நகலெடுத்தால் ‘பெயர் நீளம்’ என்று மறுக்கும்.

இன்னொன்று: ‘கொ’ என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். எக்ஸ்ட்4 வழக்கமாகப் பைட்டை மட்டுமே ஒப்பிடும். அதனால் ஒரே ஃபோல்டரில் ‘கொடைக்கானல்’ என்ற பெயரில், கண்ணுக்கு இம்மியும் வேறுபாடு தெரியாமல், இரண்டு கோப்புகள் இருக்கலாம். 2019-இல் வந்த ஒரு வசதியைக் குறிப்பிட்ட ஃபோல்டருக்கு இயக்கினால் இரண்டும் ஒன்றாகவே கருதப்படும். ஃபோல்டர் காலியாக இருக்கும்போதே அதை இயக்கிவிட வேண்டும்.