பரிவட்டம்: திருமேனியிலிருந்து தலைக்கு

திருவிழா நாளில் குருக்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சன்னிதி முன் குனிந்து நிற்பார். சாமி பாதத்தில் வைத்து எடுத்த பட்டுத்துணியை நீளவாக்கில் மடித்து, நெற்றிக்கு மேலாகச் சுற்றி, பின்பக்கம் செருகுவார் குருக்கள். பல கோயில்களில் அடுத்த நிமிடமே அது அவிழ்ந்து இன்னொருவர் தலைக்குப் போய்விடும். முதலில் யார் தலைக்குப் போனது என்பதை மட்டும் ஊர் மறப்பதில்லை.

அதுதான் பரிவட்டம். பரிசட்டம், பரியட்டம் என்றும் வழங்கியிருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் திருப்பரிசட்டம் என்பது இறைவன் திருமேனிக்குச் சாத்தும் ஆடை. ஆண்டவனுக்கு உரிய துணியை அடியார் பிரசாதமாகத் தலையில் தாங்குவது பணிவின் உச்சம்.

அந்தப் பணிவுதான் காலப்போக்கில் அந்தஸ்தாக மாறியது. கொடுத்துப் பெறும் வழி ஒன்று உண்டு. மண்டகப்படிக்காரர் ஒருநாள் திருவிழாச் செலவை ஏற்பார். அன்றைய மாலையும் பரிவட்டமும் அவருக்கு. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை ஆராய்ந்து 1981இல் நூல் வெளியிட்ட அர்ஜுன் அப்பாதுரை, கோயில் மரியாதையை வெறும் சடங்காகப் பார்க்கவில்லை. கோயிலில் ஒருவருக்கு உள்ள பங்கை ஊரறியச் சொல்லும் அடையாளமாகக் கண்டார். சட்டமும் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், வழக்கப்படி மரியாதை பெறும் உரிமை யாருக்கு என்ற தகராறை விசாரிக்கும் அதிகாரத்தை 63ஆம் பிரிவில் அறநிலையத் துறைக்கே தந்திருக்கிறது. முழத்துணிக்காக ஊர்கள் கோர்ட்டுப் படி ஏறியது, அது கோயிலில் உள்ள பங்கின் அடையாளம் என்பதால்தான்.

பிறப்பால் மட்டும் வரும் மரியாதை வேறு. அங்கே வரிசையில் முதலிடம் யாருக்கு என்பதோடு, வரிசையிலேயே யாருக்கு இடமில்லை என்பதும் முடிவாகிவிடுகிறது. பணிவுக்கென்று பிறந்த துணிக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது.

எடுத்துக்காட்டாக, சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி என நான்கு நாடுகளின் தலைவர்களான நாட்டார்களுக்கு ஆனித் தேரோட்டத்தில் மரியாதை உண்டு. நாங்களும் வடம் பிடிப்போம் என்று தலித் மக்கள் 1990களின் இறுதியில் உரிமை கேட்டார்கள். தகராறு முற்றி, பல ஆண்டுகள் தேர் நிலையைவிட்டு நகரவே இல்லை. நீதிமன்றம் தலையிட்ட பிறகு, பலத்த போலீஸ் பாதுகாப்போடு 2024 ஜூனில் மறுபடி ஓடியது.